தகரப் பெட்டியில் மிஞ்சிய அட்டை

"மிஸ், உங்க அட்டைய போட்டுட்டீங்களா?" என்று முதன்முதலாக ஒருவர் கேட்டபோது நான் ஏன் "ஓம்" என்று ஆமோதித்தேன்? யோசிக்க நேரம் இருக்கவில்லை என்று எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஆனால் அதே கேள்வியைப் பிறகு எத்தனையோ பேர் கேட்டார்கள். அப்போதெல்லாம் யோசிக்க நேரம் இருந்தது. அப்போதும் "ஓம்" என்றுதான் சொன்னேன்.

நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன்.

கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு பெண் டொக்டர் இருக்கிறார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, மருந்து கலக்க ஓர் அறையும் நோயாளரைப் பார்க்க ஓர் அறையுமாகச் சின்னதாக ஒரு டிஸ்பென்சரி நடத்துகிறார். நான் பிறந்தபோது அம்மாவும் அப்பாவும் அந்த வீதிக்குப் பின்னால்தான் குடியிருந்தார்கள். கலியாணம் முடித்து வெள்ளவத்தைக்கு வந்த பிறகும், காய்ச்சல் தடிமன் என்றால் காலி வீதியில் பஸ் ஏறி, கோட்டையில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து அவரிடம்தான் போவேன். வெள்ளவத்தையில் டொக்டர்மாருக்குக் குறைவில்லை. எங்கள் பிளாட்டுக்குக் கீழேயே இரண்டு பேர் இருக்கிறார்கள். "இவ்வளவு தூரம் ஏன் போறீர்?" என்று கணவர் கேட்பார். "பழகின டொக்டர்" என்பேன். அதற்கு மேல் அவர் கேட்பதில்லை.

டொக்டரின் மேசைக்குப் பின்னால் சுவர் முழுக்கத் தகரப் பெட்டிகள். அவற்றுக்குள் அட்டைகள். ஒரு குடும்பத்துக்கு ஓர் அட்டை. மேலே வீட்டுக்காரரின் பெயரும் ஒரு தொலைபேசி இலக்கமும். கீழே அந்த வீட்டில் யாருக்கு என்ன வருத்தம் வந்தாலும், வந்த நாள் வரிசையில், ஒன்றன்கீழ் ஒன்றாக டொக்டரின் கையெழுத்தில் இருக்கும். அப்பாவின் நெஞ்சுவலிக்கு அடுத்த வரியில் பிள்ளையின் வயிற்றோட்டம். அட்டை நிரம்பினால் பின்னால் இன்னொன்றைச் சேர்த்துத் தைப்பார். சில அட்டைகள் புத்தகம் போலத் தடித்திருக்கும்.

ஒரு மழைக்காலத்தில் கூரை ஒழுகி, சுவரோரப் பெட்டி ஒன்றுக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. டொக்டர் அட்டைகளை நிலத்தில் பரப்பி மின்விசிறியைப் போட்டுக் காயவைத்தார். காய்ந்தபோது சில குடும்பங்களின் இருபது வருடம் வெறும் நீலத் திட்டாக இருந்தது. அடுத்த கிழமை எனக்குப் போன் வந்தது.

"பிள்ளை, உமக்குக் கொம்பியூட்டர் தெரியும்தானே. இதெல்லாத்தையும் கிளவுட்டில ஏத்தவேணும். வெளியாளிட்டக் குடுக்க எனக்கு மனமில்லை. நீர் வாறீரோ?"

மகள் பிறந்ததோடு நான் வேலையை விட்டவள். அவளுக்கு நான்கு வயதாகி, காலையில் நேசரிப் பள்ளிக்குப் போகத் தொடங்கியிருந்தாள். "வாறன் டொக்டர்" என்று உடனே சொன்னேன். சொன்ன பிறகு இரண்டு நாட்கள் யோசித்தேன். நேசரியில் அவள் அழுதால் யார் போவது, பஸ் பிந்தினால் என்ன செய்வது, தவறாகத் தட்டச்சிட்டு ஒருவருக்கு மருந்து மாறிவிட்டால்? நான் எப்போதும் இப்படித்தான். சரியென்று சொல்லிவிட்டுத்தான் பயப்படுவேன்.

மென்பொருளை நிறுவ வந்தவர் பொறுமையாக விளக்கினார். அட்டைகளில் இருப்பது இனி இந்த அறையில் இருக்காது. வேறெங்கோ உள்ள பெரிய இயந்திரங்களில், ஒன்றுக்கு இரண்டு மூன்று பிரதிகளாக இருக்கும். அனுமதி உள்ளவர் எங்கிருந்தும் திறக்கலாம். நோயாளரும் தம் போனில் தம்முடையதைப் பார்க்கலாம்; மருந்து வாங்கிப் போனதும் பதிந்த இலக்கத்துக்கு விவரம் செய்தியாகவும் போகும். "அந்த இயந்திரங்கள் எந்த நாட்டில் இருக்கின்றன?" என்று கேட்டேன். "சரியாத் தெரியாது அக்கா. பக்கத்து நாடொண்டில இருக்கும்" என்றார்.

முதல் நாள் பெட்டிகளைத் திறந்தபோது தெரிந்த பெயர்களாகவே வந்தன. இந்த வீதிகளில் நான் சின்ன வயதில் நடந்திருக்கிறேன். கடைக்காரர், வேதபாட ஆசிரியை, மீன் விற்றவர், எங்கள் அடுத்த வீட்டார் எல்லோரும் அதற்குள் இருந்தார்கள். இறந்தவர்களின் பெயருக்குக் கீழே டொக்டர் அளவுகோல் வைத்து ஒரு கோடு இழுத்திருந்தார். கோட்டுக்குக் கீழே, அதே மாதத்தில், பேரப்பிள்ளைக்குத் தடுப்பூசி. ஒரு நகரத்தின் உடம்பை மடியில் வைத்துக்கொண்டிருப்பது போல இருந்தது.

பத்துப் பதினைந்து அட்டைகள் முடித்த பிறகுதான் புள்ளிகளைக் கவனித்தேன். சில அட்டைகளின் வலது மூலையில், பென்சிலால், சிறிதாக ஒரு புள்ளி. சிலவற்றில் இரண்டு.

"டொக்டர், இது என்ன? இதையும் ஏத்தவேணுமா?"

மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "அது எனக்கு. இந்த ஆள் எனக்கு ஒண்டு சொன்னவர் எண்டதுக்கு அடையாளம்."

"என்ன சொன்னவர் எண்டு?"

"அது எழுதேல்லை. எழுதாதேங்கோ டொக்டர் எண்டு சொல்லித்தானே சொன்னவை."

அதன் பிறகு ஒவ்வொரு அட்டையையும் எடுக்கும்போது என் கண் முதலில் மூலைக்குத்தான் போனது. எவ்வளவு புள்ளிகள். எதிரே மேசையில் ஒருவருடைய இருமலைக் கேட்டுக்கொண்டு, நாடி பார்த்துக்கொண்டு, பாண் விலையைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருக்கும் இந்த மெலிந்த பெண்ணின் தலைக்குள் இத்தனை வீடுகளின் சொல்லாத விஷயங்கள் இருந்தன. ஒன்றாவது வெளியே வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. பெரிய இயந்திரங்களைப் பற்றி வியந்துகொண்டிருந்த நான் டொக்டரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் வாயில் பேனாவை வைத்துக்கொண்டு மருந்துச் சீட்டைத் தேடிக்கொண்டிருந்தார்.

எங்கள் அட்டை எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதன் மூலையிலும் ஒரு புள்ளி இருக்கும் என்பதும் தெரியும்.

ஒவ்வொரு குடும்பத்திடமும் கையெழுத்து வாங்கிவிட்டே ஏற்ற வேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். படிவத்தில் பாதுகாப்பு, மறைக்குறி, பிரதி என்று ஒன்றரைப் பக்கம் இருந்தது. ஒருவரும் அதை வாசிக்கவில்லை. எந்தக் கம்பனி என்றும் கேட்கவில்லை. "டொக்டர் தன்ர அட்டையைப் போட்டிட்டாவோ?" என்றுதான் கேட்டார்கள். "முதலாவதா அதைத்தான் போட்டனான்" என்றேன். அது உண்மை. டொக்டரின் பிரஷரும் முழங்கால் வலியும்தான் நான் முதலில் தட்டச்சிட்டவை. அதைக் கேட்டதும் முக்கால்வாசிப் பேர் பேனாவை எடுத்துவிட்டார்கள்.

எடுக்காதவர்களில் ஒருவர் ஓட்டோக்காரர். முன்பு கொட்டாஞ்சேனையில் இருந்து, இப்போது கொலன்னாவையில் குடியிருக்கிறவர். அங்கிருந்து மனைவியையும் இரண்டு மகன்களையும் தன் ஓட்டோவிலேயே ஏற்றிக்கொண்டு வருவார். படிவத்தைக் கையில் வாங்கவே இல்லை.

"டொக்டர் போடுவாங்க மிஸ். அவங்க பெரிய ஆள். யாராச்சும் எடுத்துட்டா கேக்க ஆள் இருக்கு. எங்களுக்கு யார் இருக்கா?"

"கடவுச்சொல் இருக்கு. வேற ஆக்கள் பாக்கேலாது."

"இந்தப் போன்ல பேசினதே யார் யாரோ கேக்குறான்னு சொல்றாங்க." என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "சரி, நீங்களும் புள்ள வச்சிருக்கீங்கதானே. மிஸ், உங்க அட்டைய போட்டுட்டீங்களா?"

"ஓம்."

"புள்ளையோடதும்?"

"ஓம். எல்லாம் ஒரே அட்டைதானே."

கையெழுத்துப் போட்டார். அவருடைய சின்ன மகனுக்குப் பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது என்று டொக்டர் சிவப்பு மையில் எழுதி இரண்டு கோடு போட்டிருந்தார். அதைத் தட்டச்சிடும்போது என் கவனம் நான் சொன்ன "ஓம்" மேலேயே இருந்தது. ஓர் எழுத்து இரண்டு தரம் விழுந்ததைக் கவனிக்கவில்லை.

அந்த "ஓம்" எனக்குப் பழகிவிட்டது. கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். பெட்டிகள் ஒவ்வொன்றாக வெறுமையாகின. ஏற்றி முடித்த அட்டைகளை டொக்டர் அந்தந்தக் குடும்பத்திடமே திருப்பிக் கொடுத்தார். கொடுப்பதற்கு முன்பு மூலையிலுள்ள புள்ளியை அழித்துவிடுவார். எதிரே நிற்பவருக்கு அவர் என்ன செய்கிறார் என்றே தெரியாது.

இதற்கிடையில் என் பிழை ஒன்று வெளியே வந்தது.

துணிக்கடையில் இருந்து ஓய்வுபெற்ற, நாங்கள் நாநா என்று கூப்பிடும் முஸ்லிம் பெரியவர் ஒருவர் மாதம் ஒருமுறை சீனி வருத்தத்துக்கு மருந்தெடுக்க வருவார். ஒரு நாள் காலை, கதவைத் திறந்ததும் திறக்காததுமாக வந்து என் மேசைக்கு முன்னால் நின்றார்.

"மகள், ஒங்கட கொம்பியூட்டர் என்ட வூட்டுக்கு வந்து என்ட வட்டிலப்பத்த பறிச்சிட்டுப் பெய்த்து."

பெருநாளுக்குச் செய்யும் இனிப்புக்கும் என் கொம்பியூட்டருக்கும் என்ன தொடர்பு என்று எனக்கு விளங்கவில்லை.

"முந்தாநாள் நான் இங்க வந்த. வூட்ட போகக்குள்ள பொஞ்சாதி போனப் புடிச்சிட்டு வாசல்ல நிக்கிறா. ஒங்கட சீனி எவ்வளவு, என்ன மருந்து, எல்லாம் மெசேஜில வந்தீக்கி. இவ்வளவு வருஷமா எனக்கு ஒண்டுமில்ல, சும்மா செக் பண்ணப் போற எண்டு செல்லி வச்சீந்த. பெருநாளைக்கு வட்டிலப்பம் இல்லையாம். பேரப்புள்ளைகள்ட கோப்பையப் பாத்துட்டு ஈக்கட்டாம்."

உள்ளேயிருந்து டொக்டர் கேட்டார். "நாநா, வட்டிலப்பம் தொடுறதில்லை எண்டு எனக்குச் சத்தியம் பண்ணினனீங்கள் எல்லோ?"

"டொக்டருக்குச் செஞ்ச சத்தியம் வேற, பெருநாள் வேற."

காத்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகுதான் அந்தச் செய்தி ஏன் மனைவியின் போனுக்குப் போனது என்று பார்த்தேன். அட்டையின் மேல் ஒரே ஓர் இலக்கம்தான் இருக்கும். நாநாவின் வீட்டில் மனைவிதான் போன் எடுப்பார் என்பதால் அது மனைவியின் இலக்கம். மற்ற அட்டைகள் பெரும்பாலானவற்றில் அது கணவருடையது. நான் அந்த ஓர் இலக்கத்தையே வீட்டிலுள்ள எல்லோருக்கும் போட்டிருந்தேன். ஒரு பெண் தனியாக வந்து டொக்டரிடம் மருந்து வாங்கிப்போனால், அவள் வீடு போய்ச் சேரும் முன் அவளுடைய கணவரின் சட்டைப்பையில் அந்தச் செய்தி கிடக்கும். எங்கள் அட்டைகளில் ஒரு வீட்டுக்கு ஓர் இலக்கம் என்பது அவ்வளவு இயல்பான ஒன்று. அது எனக்குப் பிழையாகவே தோன்றியிருக்கவில்லை.

டொக்டர் என்னை ஏசவில்லை. செய்திகளை உடனே நிறுத்தச் சொன்னார். அன்று பின்னேரம் தொடங்கி ஒரு கிழமையாக, நோயாளர் வராத நேரமெல்லாம், தானே ஒவ்வொரு வீட்டுக்கும் போன் எடுத்தார். "நாங்கள் ஒரு பிழை விட்டிட்டம்" என்று தொடங்குவார். "நாங்கள்" என்றுதான் சொல்வார். பெண்ணைக் கூப்பிடச் சொல்லி, அவரிடம் தனியாக, எந்த இலக்கம் போடவேண்டும் என்று கேட்பார். ஒரு பெண் சொன்னது பக்கத்திலிருந்த எனக்கும் கேட்டது. "பரவாயில்லை டொக்டர், அவர் மெசேஜ் ஒண்டும் வாசிக்கிறதில்லை" என்றார். டொக்டர் எந்த இலக்கம் என்று மறுபடியும் கேட்டார்.

ஏழெட்டுக் குடும்பத்தார் தங்களுடையதை நீக்கச் சொன்னார்கள். அன்றே நீக்கிவிட்டு, நீக்கிய பக்கத்தை அவர்களுக்குக் காட்டினோம். ஆனால் அதுவரை கையெழுத்துப் போடாமல் இருந்த பலர் அதன் பிறகுதான் வந்தார்கள். "பிழையெண்டு தானாப் போன் எடுத்துச் சொன்னாவாம்" என்று வீதியில் கதை போயிருந்தது. இதை நான் எதிர்பார்த்திருக்கவில்லை. பிழையே விடாத ஒன்றைத்தான் ஆட்கள் நம்புவார்கள் என்று நான் நினைத்திருந்தேன்.

நேசரி விடுமுறை முடிந்த கிழமை ஓட்டோக்காரர் வந்தார். கையில் ஒரு பை. உள்ளே லீக்ஸ், கரட், பீட்ரூட். மனைவியின் சொந்தக்காரர் வீட்டுக்கு நுவரெலியாவுக்குப் போயிருந்தார்களாம். அங்கே சின்னவனுக்குக் கடுங்காய்ச்சல், தொண்டை அடைத்துப்போய் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போயிருக்கிறார்கள். ஊசி போடுவதற்கு முன், ஒத்துக்கொள்ளாத மருந்து ஏதும் உண்டா என்று கேட்டிருக்கிறார்கள்.

"ஏதோ ஒண்ணு ஆகாதுன்னு தெரியும் மிஸ். பேரு வாய்ல வரல்ல. பொண்டாட்டி அழுறா. எனக்குக் கையும் ஓடல்ல காலும் ஓடல்ல. அப்பதான் ஞாபகம் வந்துச்சு. போனத் தொறந்து டாக்டர்கிட்ட குடுத்தேன். பாத்துட்டு, வச்சிருந்த ஊசிய அப்படியே கீழ வச்சிட்டாரு."

போனை எடுத்து எனக்கும் காட்டினார். அந்தப் பக்கம். பெனிசிலின் என்ற ஆங்கிலச் சொல்லில் ஓர் எழுத்து இரண்டு தரம் விழுந்திருந்தது. கொட்டாஞ்சேனையில், இந்த நாற்காலியில், என் விரல் விட்ட பிழை. அது எந்த நாடு என்று தெரியாத ஒரு நாட்டுக்குப் போய், அங்கிருந்து மலையேறி, நான் முகம் பார்த்திராத ஒரு டொக்டரின் கையை நிறுத்தியிருக்கிறது. கோயிலில் கூட எனக்கு உடம்பு அப்படிச் சிலிர்த்ததில்லை.

"நீங்க சொன்னதாலதான் மிஸ் போட்டேன்" என்றார் அவர். "உங்க புள்ளையோடத போட்டிருந்தீங்கன்னா என் புள்ளையோடதப் போட்டா என்னன்னு."

பையை வாங்கிக்கொண்டேன். அன்று அந்த லீக்ஸைத்தான் சமைத்தேன். மகளும் கணவரும் ருசியாகச் சாப்பிட்டார்கள். நான் அதைப் போட்டுக்கொள்ளவில்லை.

இப்போது எங்கள் அட்டையைப் பற்றி.

மகள் பிறந்தபோது நாங்கள் ஏழாம் மாடியில் இருந்தோம். இப்போதும் அங்கேதான். பல்கனியில் நின்றால் கீழே ரயில் பாதை, அதற்கப்பால் கடல். பிள்ளை பிறந்து மூன்றாவது கிழமையிலிருந்து நான் அவளைத் தூக்கிக்கொண்டு பல்கனிப் பக்கம் போகவில்லை. கதவைப் பூட்டித் திறப்பைச் சமையலறையில் ஒளித்து வைத்தேன். என் கைகள் என்ன செய்யும் என்று எனக்குப் பயமாக இருந்தது. அவளை அவ்வளவு விரும்பினேன். ஆனாலும் என் கைகளை என்னால் நம்ப முடியவில்லை. பிள்ளைக்கு நிறை பார்க்கப் போன நாளில் டொக்டர், "நீர் நித்திரை கொள்ளுறீரோ?" என்று மட்டும் கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில், "எழுதாதேங்கோ டொக்டர்" என்றேன்.

"இது கனபேருக்கு வாறது பிள்ளை. நீர் கெட்ட தாய் இல்லை. மருந்து இருக்கு. ஒவ்வொரு கிழமையும் பிள்ளையின்ர நிறை பாக்க வாரும்." சொல்லிக்கொண்டே பென்சிலை எடுத்தார்.

கிழமைக்கொரு முறை பஸ் ஏறினேன். சில மாதங்களில் ஒரு காலை, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பல்கனிக் கதவைத் திறந்து, போகும் ரயிலைக் காட்டினேன். அவள் கை தட்டினாள். என் கைகள் என் கைகளாகவே இருந்தன.

கணவருக்கு இது தெரியாது. அந்த மாத்திரைகளைச் சத்து மாத்திரை என்று நினைத்திருந்தார். அவர் நல்லவர். அதனால்தான் சொல்லவில்லை. அவர் கவலைப்பட்டுத் தன் அக்காவிடம் சொல்வார், அக்கா அன்போடு மாமியிடம் சொல்வார், பிறகு நான் பிள்ளையைத் தூக்கும் ஒவ்வொரு தடவையும் எல்லோரும் என் கைகளைப் பார்ப்பார்கள். அன்பாகத்தான் பார்ப்பார்கள். ஆனால் பார்ப்பார்கள்.

இப்போது அவருக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்திருக்கிறது. சில மாதங்களில் மூவரும் போகிறோம். அங்கே போய் இன்னொரு பிள்ளை என்று அவர் ஆசையோடு சொல்கிறார். எனக்கும் ஆசைதான். போன கிழமை டொக்டரிடம் சொன்னேன். அவர் கடைசிப் பெட்டியைத் திறந்து எங்கள் அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். பெட்டிக்குள் அது ஒன்றுதான் இருந்தது. நான் எல்லோருக்கும் சொன்ன "ஓம்" அவருக்குக் கேட்டிருக்கிறது. ஆனால் மூலையிலிருந்த புள்ளியைத்தான் விரலால் காட்டினார்.

"மற்ற ஆக்களின்ர புள்ளியை நான் என்னோட வைச்சிருப்பன். உம்மட புள்ளியை நான் ஏத்தமாட்டன். ஏத்துறதெண்டால் நீர்தான் உம்மட சொல்லில எழுதவேணும்."

"எழுதாட்டில்?"

"அடுத்த பிள்ளைக்கு அது திரும்பி வரலாம், வராமலும் விடலாம். வந்தால் அங்க பாக்கிற டொக்டருக்கு ஒண்டும் தெரியாது. நான் எல்லா இடத்துக்கும் வரமாட்டன் பிள்ளை."

திரையில் எங்கள் குடும்பத்தின் பக்கம் திறந்திருந்தது. குறிப்பு என்ற இடம் வெறுமையாக இருந்தது. மேலே கணவரின் இலக்கம். அதை மாற்றி என் இலக்கத்தைப் போடலாம். ஆனால் எங்கள் வீட்டில் போன்களுக்குப் பூட்டு இல்லை. அவருடையது மணியடித்தால் நான் எடுப்பேன், என்னுடையதில் அவர் மகளுக்குப் படம் காட்டுவார். இன்று புதிதாக ஒரு பூட்டைப் போட்டால் அதுவே அவரிடம் ஒன்றைச் சொல்லிவிடும்.

எங்கோ இருக்கும் இயந்திரத்துக்கு நான் இப்போது பயப்படவில்லை. அது என்ன செய்யும் என்று என் கண்ணால் பார்த்துவிட்டேன். ஒரு குடும்பமே தன் உடம்பை நம்பி என் கையில் தந்தது, நான் சொன்ன ஒரு பொய்யை நம்பி. அந்தப் பிள்ளை இன்று ஓடி விளையாடுகிறான். இதை நினைக்கும்போது எனக்குச் சந்தோஷமா வெட்கமா என்று தெரியவில்லை. அட்டையை ஏற்றினால் அந்த "ஓம்" உண்மையாகிவிடும் என்று ஒரு மனம் சொல்கிறது. அதற்காகவா ஏற்றுவது என்று இன்னொரு மனம் கேட்கிறது.

அட்டை இப்போது என் கைப்பையில் இருக்கிறது. பஸ்ஸில் இரண்டு தரம் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். புள்ளியை டொக்டர் அழிக்கவில்லை.

இதை வாசிப்பவர்களில் பிள்ளை பெற்ற பின் என்னைப் போலப் பயந்தவர்கள் இருப்பீர்கள். அப்படிப் பயந்த மனைவியோடு வாழ்ந்த கணவர்மாரும் இருப்பீர்கள். நான் கணவரிடம் முதலில் வாயால் சொல்லிவிட்டு அந்த இடத்தை நிரப்ப வேண்டுமா? அல்லது முதலில் எழுதி ஏற்றிவிட்டு, அவர் தற்செயலாகத் திறக்கும் நாளுக்குக் காத்திருக்கலாமா? நீங்கள் எப்படிச் சொன்னீர்கள், எந்தச் சொல்லில் தொடங்கினீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். முதல் வசனம் மட்டும் கிடைத்தாலும் போதும்.